முள்ளுப் பேத்தை 9 நாளாகச் சாப்பிடவில்லை: பல்லா, வயிறா, தண்ணீரா?

கொரட்டூர் அலை | செவ்வாய், இரவு 10:42

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதுவது முதல் தடவை. நிலைமை அப்படி.

என்னிடம் ஒரு முள்ளுப் பேத்தை (பயந்தால் பந்து மாதிரி ஊதிக்கொள்ளும் கடல் மீன்) இருக்கிறது. நீள முள் வகை, ஆறு அங்குலம், பெயர் குண்டன். வாங்கி 14 மாதம் ஆகிறது. ஐந்தடித் தொட்டி, 450 லிட்டர். கூடவே இரண்டு டாம்சல் மீன், வேறு யாரும் இல்லை.

9 நாளாக வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை. ஆனால் பசி இல்லாத மாதிரியும் தெரியவில்லை. நான் அறைக்குள் நுழைந்தாலே கண்ணாடிக்கு வந்து வாலை ஆட்டுகிறான், மேலே வந்து தண்ணீரைப் பீய்ச்சுகிறான். இறாலைப் போட்டால் பாய்ந்து வந்து வாயில் வைக்கிறான், இரண்டு நொடியில் துப்பிவிடுகிறான். மறுபடி எடுக்கிறான், மறுபடி துப்புகிறான். நாலாவது தடவைக்கு மேல் பாறைக்கு அடியில் போய்ப் படுத்துவிடுகிறான். நிறமும் மங்கல்.

அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 60. உப்பு அடர்த்தி 1.028. மதியம் வெப்பம் 30 வரை போகிறது.

வாங்கிய கடையில் கேட்டதற்கு, தாமிர மருந்தையும் ஏதோ ஒரு மஞ்சள் பொடியையும் தொட்டியில் கலக்கச் சொன்னார்கள். இரண்டும் மேசை மேல் இருக்கின்றன. ஊற்றட்டுமா?

உப்புக்காரன் | செவ்வாய், இரவு 10:51

ஊற்றாதீர்கள். முதலில் அந்தப் பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள்.

பேத்தைக்கு மற்ற மீன் மாதிரிச் செதில் கிடையாது, தாமிரம் அதற்கு ஆகவே ஆகாத சமாச்சாரம். வேறு வழியே இல்லாமல் கொடுப்பவர்கள்கூடத் தனித் தொட்டியில், தாமிர அளவைத் தினமும் சோதித்துத்தான் கொடுப்பார்கள். உங்கள் பிரதான தொட்டியில் கொட்டினால் பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிறகு ஒரு நத்தைகூட அங்கே பிழைக்காது.

இப்போது மூன்று கேள்வி.
வாயை நேர் எதிரே இருந்து ஒரு படம் எடுக்க முடியுமா?
இத்தனை நாளாக என்ன கொடுத்தீர்கள், பட்டியலாக அல்ல, உண்மையாக?
ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் என்ன ஊற்றுகிறீர்கள்? 1.028 என்றவுடன் எனக்கு அந்தச் சந்தேகம்தான்.

கொரட்டூர் அலை | செவ்வாய், இரவு 11:20

உண்மையாகவே சொல்லிவிடுகிறேன் அண்ணா. இறால்தான். வாரம் மூன்று நாள் எங்கள் வீட்டில் இறால் வாங்குவோம். அம்மா தோல் உரித்து, நரம்பு எடுத்து, குண்டன் பங்கு என்று நாலைந்தை ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்துவிடுவார். மற்ற நாளில் அதையே ஃப்ரீசரிலிருந்து எடுத்துப் போடுவேன். ஓட்டோடு போட்டால் தொட்டி அழுக்காகும் என்று நினைத்தேன்.

வெயிலுக்கு மின்விசிறி வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று நான்கு லிட்டர் குறைகிறது. கலந்து வைத்த உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றி நிரப்புகிறேன்.

படம் இணைத்திருக்கிறேன். சிரிப்பது மாதிரி இருக்கும், ஆனால் சிரிக்கவில்லை.

உப்புக்காரன் | செவ்வாய், இரவு 11:34

தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு அப்படியே தொட்டியில் நிற்கிறது. அதன் மேல் இன்னும் உப்பை ஊற்றினால் 1.028 என்ன, 1.030ம் வரும். இனி இழப்புக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். ஆனால் ஒரே நாளில் இறக்கவேண்டாம், நாலைந்து நாளில் மெதுவாக 1.025க்குக் கொண்டுவாருங்கள். நைட்ரேட்டுக்கு நாளை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். 30 டிகிரியில் தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு, கூடுதலாக ஒரு காற்றுக்கல் போடுங்கள். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் சென்னையில் கடல் தொட்டி வைப்பது பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, இந்த நேரத்தில் சொல்லமாட்டேன்.

பல் பற்றித் தூத்துக்குடி அண்ணாச்சி வந்து சொல்லட்டும்.

மட்டி அண்ணாச்சி (தூத்துக்குடி) | புதன், காலை 6:15

தம்பி, படம் பார்த்தேன். மேல்பல் கீழ்ப்பல்லைத் தாண்டி இறங்கி நிற்கிறது. கிளி மூக்கு மாதிரி. ரொம்ப மோசம் இல்லை, ஆனால் இருக்கிறது.

இந்த இனத்துப் பல் நம் நகம் மாதிரி. வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். சாதாரணப் பேத்தைக்கு மேலே இரண்டு கீழே இரண்டு என நாலு தகடு, நடுவில் கோடு தெரியும். முள்ளுப் பேத்தைக்குக் கோடு கிடையாது, மேலே ஒன்று கீழே ஒன்றுதான். கடலுக்குள் பாறைப் பார் மேல் இருக்கும்போது நண்டு, மட்டி, நத்தை, மூரை என்று ராத்திரி முழுக்க உடைத்துத் தின்கிற சாதி அது. உடைக்க உடைக்கப் பல் தேயும். நீங்கள் 14 மாதமாக உரித்த இறாலைக் கொடுத்திருக்கிறீர்கள். உரித்த இறாலுக்குப் பல்லே வேண்டாம், விழுங்கினால் போதும்.

எங்கள் ஊரில் வலையில் இது வந்தால் ஒரு காசு கிடைக்காது, ஓரமாக வீசிவிடுவார்கள். ஊதிக் கிடக்கிறதைச் சின்ன வயதில் பந்து மாதிரி உதைத்து விளையாடியிருக்கிறோம். இப்போது அதே மீனுக்கு மட்டி பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

விரலை மட்டும் வாய்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மட்டி ஓட்டை உடைக்கிற பல் அது.

டாக்பேஸ் தாஸ் | புதன், காலை 8:02

அண்ணாச்சி மேல் மரியாதை உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் பல்லையே சொல்கிறோம். கடலில் பிடித்த பேத்தைக்குக் குடல் புழு இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். என் நாய்முகப் பேத்தை நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே வந்தது, தலை மட்டும் பெரிதாகி, வயிறு ஒட்டி, கழிவு வெள்ளை நூல் மாதிரி. பிராசிகுவாண்டல் என்ற புழு மருந்தை உணவில் கலந்து கொடுத்த பிறகுதான் தேறியது. கோபி, கழிவைப் பார்த்தீர்களா?

கொரட்டூர் அலை | புதன், காலை 8:30

என் பெயர் கோபி இல்லை அண்ணா 🙂

பத்து நாளாகச் சாப்பிடாததால் கழிவே இல்லை. அதற்கு முன்னால் பழுப்பாகத்தான் இருந்தது. வயிறு இப்போதுதான் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது.

மட்டி அண்ணாச்சி (தூத்துக்குடி) | புதன், காலை 8:47

தாஸ், நீங்களே சொல்லிவிட்டீர்கள்: உங்களுடையது சாப்பிட்டும் இளைத்தது. இது சாப்பிடப் பார்க்கிறது, முடியவில்லை. ரெண்டும் ஒன்றா? புழு இருந்தாலும் இருக்கட்டும், வாய்க்குள் போகாத மருந்தை எந்த உணவில் கலப்பது?

நெய்தல் (சிங்கப்பூர்) | புதன், மதியம் 1:10

பல் நீண்டிருப்பது உண்மை. ஆனால் படத்தில் எனக்கு உறுத்துவது பல் அல்ல, வாய். இரையைப் பார்த்துத் திறந்த நேரத்திலும் இவ்வளவுதான் திறக்கிறதா? ஒரு மிளகு போகிற அளவுதான் இருக்கிறது. தம்பி, சாப்பிட்ட காலத்திலும் இப்படியா, இல்லை இப்போதுதானா? அதோடு, நீந்தும்போது சாய்கிறதா, எதிலாவது மோதுகிறதா?

கொரட்டூர் அலை | புதன், மதியம் 1:40

முன்னால் முழு இறாலை ஒரே வாயில் உறிஞ்சுவான் அக்கா. இப்போது தாடை இறுகின மாதிரிதான் இருக்கிறது. மூன்று நாளாக லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நீந்துகிறான், பாறையில் இரண்டு தடவை முட்டினான். கண் தெரியவில்லையோ என்று பயந்தேன்.

நெய்தல் (சிங்கப்பூர்) | புதன், மதியம் 2:25

அப்படியென்றால் பி1 பற்றாக்குறையை ஒதுக்கவே முடியாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பச்சை இறாலில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது தயாமினை, அதாவது பி1 உயிர்ச்சத்தைச் சிதைத்துவிடும். ஃப்ரீசரில் வைத்தால் அது சாகாது, வேலையை மெதுவாகத் தொடரும். சூடுபட்டால்தான் அடங்கும். இறாலில் மட்டும் இல்லை, நெத்திலி, சாளை வகை மீன்கள் பலவற்றிலும் சில சிப்பிகளிலும் இருக்கிறது. பல வகை உணவு சாப்பிடும் மீனுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஒன்றையே மாதக்கணக்கில் தின்றால் உடம்பிலுள்ள இருப்பு கரைந்துகொண்டே வரும். பி1 குறைந்தால் முதலில் அடிபடுவது நரம்பு. பசி போகும், சமநிலை தப்பும், மோதும். பேத்தை வளர்ப்பவர்கள் தாடைப்பூட்டு என்று சொல்லும் இந்த வாய் இறுக்கத்துக்கும் சத்துக்குறைவுதான் முதல் சந்தேகம்.

மீனையே உணவாகக் கொடுக்கும் பெரிய காட்சியகங்களில், டால்பின், கடல்நாய்களுக்கு ஒரு கிலோ மீனுக்கு 25 முதல் 30 மில்லிகிராம் தயாமின் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். உங்களுக்கு அந்தக் கணக்குத் தேவையில்லை. மருந்துக்கடையில் 100 மில்லிகிராம் பி1 மாத்திரை மலிவாகக் கிடைக்கும். பொடித்து, ஒரு சிட்டிகை. தண்ணீரில் கரைகிற சத்து, மிஞ்சினால் கழிவோடு போய்விடும்.

ஆக, பல்லும் சரி, நரம்பும் சரி, இரண்டும் ஒரே கிண்ணத்திலிருந்து வந்தவை. உரித்ததால் பல் தேயவில்லை, இறால் மட்டும் என்பதால் சத்து இல்லை. அம்மாவைத் திட்டிவிடாதீர்கள், என் முதல் பேத்தையையும் நான் இப்படித்தான் வளர்த்தேன்.

பச்சைமிளகாய் | புதன், மாலை 4:03

இவ்வளவு செலவு செய்வதற்குப் பேசாமல் குழம்பு வைத்துவிடலாமே 😄

உப்புக்காரன் | புதன், மாலை 4:09

பேத்தைகளில் இருக்கும் டெட்ரோடோடாக்சினுக்கு மாற்று மருந்து கிடையாது, கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஜப்பானில் உரிமம் வாங்கிய சமையல்காரர்தான் பேத்தையை வெட்டலாம். நீங்கள் தாராளமாக வையுங்கள், நாங்கள் யாரும் விருந்துக்கு வரவில்லை. மற்றவர்களுக்கு: வளர்க்கும் பேத்தை செத்தால் குப்பையில் வெளியே போடாதீர்கள், பூனை எடுத்துக்கொண்டு போகும்.

கந்தன்குளம் | புதன், மாலை 6:30

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என் நட்சத்திரப் பேத்தை மேல் நேற்றிலிருந்து உப்புத் தூவினது மாதிரி புள்ளிகள். சாப்பிடுகிறது. பாறையில் உரசுகிறது. இதற்கும் பி1 கொடுக்கலாமா?

உப்புக்காரன் | புதன், மாலை 6:52

இல்லை, அது கடல் வெண்புள்ளி, ஒட்டுண்ணி. தாமிரம் வேண்டாம் என்றால் தொட்டி மாற்று முறை இருக்கிறது. இரண்டு சிறு தொட்டி, மூன்று நாளுக்கு ஒரு தடவை முற்றிலும் காய்ந்த, புதுத் தண்ணீர் விட்ட தொட்டிக்கு மாற்றவேண்டும். நாலு தடவை, 12 நாளில் முடிந்துவிடும். ஒட்டுண்ணி மீனிலிருந்து உதிர்ந்து குஞ்சு பொரிப்பதற்குள் மீன் அங்கே இருக்காது, அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் பிரதான தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் காலியாக விடவேண்டும். அங்கேதான் எல்லோரும் பொறுமை இழக்கிறார்கள். மாற்றும்போது வலையில் தூக்காதீர்கள், முள் சிக்கும், காற்றை இழுத்து ஊதிவிடும். டப்பாவில் தண்ணீரோடு மொண்டு எடுங்கள்.

புள்ளிகள் பொடி மாவு மாதிரி இருந்து மூச்சும் வேகமாக இருந்தால் அது வெல்வெட் என்ற வேறொரு ஒட்டுண்ணி நோய், அதற்கு இந்த நிதானம் எல்லாம் கிடையாது. தனி இழை தொடங்கிப் படம் போடுங்கள்.

கொரட்டூர் அலை | சனி, இரவு 9:15

இன்று பல் வெட்டினோம். கை இன்னும் நடுங்குகிறது, அதனால் எழுத்துப்பிழை இருந்தால் பொறுக்கவும்.

மீனுக்குப் பார்க்கும் கால்நடை மருத்துவர் கிடைக்கிறாரா என்று இரண்டு நாள் தேடிவிட்டு, அண்ணாச்சி வீடியோ அழைப்பில் இருக்க, நானும் தங்கையும் செய்தோம். நாட்டு மருந்துக்கடைக் கிராம்புத் தைலம். அதை நேரே ஊற்றினால் எண்ணெயாக மிதக்கும் என்றார் அண்ணாச்சி. சின்னப் பாட்டிலில் தொட்டித் தண்ணீரோடு சேர்த்துப் பால் மாதிரி ஆகும்வரை குலுக்கி, 5 லிட்டர் டப்பாவில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். மொத்தம் 9 துளி போனது. முதலில் குண்டன் தண்ணீரைக் குடித்து ஒரு கால்பந்து ஆகிவிட்டான். தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள். பிறகு சுருங்கி, மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தான். செவுள் மட்டும் ஆடியது.

ஈரத் துணியில் பிடித்தேன். நகத்தோரத் தோலை வெட்டும் குறடு, அதன் நுனியை மேல்பல்லின் ஓரத்தில் வைத்து அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அரிசி மணி அளவு துண்டு பறந்து தங்கையின் கண்ணாடியில் பட்டது. அப்படி ஐந்து வெட்டு. நடுவில் அவ்வப்போது தண்ணீருக்குள் விட்டு எடுத்தோம். மொத்தம் ஒன்றரை நிமிடம்தான் இருக்கும், எனக்கு ஒரு மணி நேரம்.

திரும்பத் தொட்டியில் விட்டு, பம்ப் தண்ணீர் வாய்க்கு நேரே வரும்படி கையில் தாங்கிப் பிடித்தேன். நாலு நிமிடம் ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒரு கண் உருண்டது.

இப்போது பற்கள் நேராகப் பொருந்துகின்றன. ஆனால் மட்டிச் சதை காட்டினால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறான்.

மட்டி அண்ணாச்சி (தூத்துக்குடி) | சனி, இரவு 9:31

இன்றைக்கு விட்டுவிடுங்கள் தம்பி. மயக்கம் தெளிந்தவனுக்கு யாராவது விருந்து வைப்பார்களா? நாளை மறுநாள் பார்க்கலாம்.

கடலோரம் (கொழும்பு) | ஞாயிறு, காலை 7:20

நான் முன்பு அலங்கார மீன் ஏற்றுமதி செய்யும் இடத்தில் பொதி கட்டும் வேலை பார்த்தவன். அனுப்புவதற்கு முன் மீனைப் பட்டினி போட்டுத்தான் பையில் அடைப்போம், இல்லாவிட்டால் பையிலேயே கழிவு சேர்ந்துவிடும். பேத்தையை எப்போதும் தனித்தனிப் பையில்தான் போடுவோம், ஒன்றையொன்று கடிக்கும். ஆகவே பட்டினி அதற்குப் புதிதல்ல, இரண்டு மூன்று கிழமை தாங்கும். நீங்கள் பதறி எல்லா மருந்தையும் கொட்டினால்தான் ஆபத்து.

ஒன்று மட்டும்: தண்ணீருக்கு மேலே எடுக்கும்போது காற்றை விழுங்கிவிட்டு மேலேயே மிதந்தால், தண்ணீருக்குள் தலை மேலே வால் கீழே இருக்கும்படி பிடித்து மெல்ல அசையுங்கள். குமிழ் குமிழாக வெளியேறும்.

நெய்தல் (சிங்கப்பூர்) | ஞாயிறு, காலை 9:05

நாளையும் சாப்பிடாவிட்டால் குழாய் வழியாகக் கொடுக்கலாம். மட்டிச் சதையை அரைத்து வடிகட்டி, பி1 பொடி சேர்த்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் மெல்லிய மென்குழாய் மாட்டி. தண்ணீருக்குள்ளேயே பிடித்து, பல் ஓரத்தில் நுழைத்து, ஒரு மில்லி. வேகமாகத் தள்ளவேண்டாம், செவுள் வழியாக வெளியே வந்துவிடும். பற்கள் குழாயைத் துண்டாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு தடவை பாதிக் குழாய் திரும்பவில்லை. மறுநாள் கழிவில் வந்தது, அது என் அதிர்ஷ்டம்.

கொரட்டூர் அலை | வியாழன், இரவு 8:48

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் குழாய். இரண்டாம் நாளே சாய்வு குறைந்துவிட்டது. அடர்த்தி 1.025, வெப்பம் 27. வாடகைக்கு ஒரு பழைய சில்லர் கிடைத்தது, உப்புக்காரன் அண்ணா இப்போது அந்தக் கருத்தைச் சொல்லிவிடலாம்.

இன்று காலை அம்மா சந்தையிலிருந்து மட்டி வாங்கி வந்தார். ஒன்றைப் பாதி திறந்து, உள்ளே ஒரு சிட்டிகை பி1 வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டேன். குண்டன் வந்தான். சுற்றினான். ஒரு கண்ணால் பார்த்தான், திரும்பி இன்னொரு கண்ணால் பார்த்தான். வாய் திறந்தது, மிளகு அளவில்லை, சுண்டைக்காய் அளவு. சதையைப் பிய்த்தான். துப்பினான். மறுபடி எடுத்தான். இந்தத் தடவை துப்பவில்லை.

மாலையில் சமையலறையிலிருந்து அம்மா, "என்னடா அங்கே பாக்கு உடைக்கிற சத்தம்?" என்று கேட்டார். ஓட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

டாக்பேஸ் தாஸ் | வியாழன், இரவு 9:02

சரி, பல்தான். இல்லை, பி1தான். நான் தோற்றேன். ஆனாலும் ஒரு மாதம் கழித்துப் புழு மருந்து கொடுங்கள்!

நெய்தல் (சிங்கப்பூர்) | வியாழன், இரவு 9:10

மகிழ்ச்சி தம்பி. இனி இறால் கொடுப்பதானால் வாரம் ஒரு தடவை, ஓட்டோடு, கொதிநீரில் ஒரு கொதி விட்டு. இறால் ஆறின பிறகு பி1 சேருங்கள், சூட்டில் அதுவும் கெடும். மட்டி, நண்டுக் கால், கணவாய், நத்தை என்று மாற்றி மாற்றி. கோழி, ஆட்டிறைச்சி எல்லாம் வேண்டாம், அந்தக் கொழுப்பு ஈரலில் போய்த் தங்கும். இந்த அளவுக்கு வளர்ந்தவனுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும்.

மட்டி அண்ணாச்சி (தூத்துக்குடி) | வியாழன், இரவு 9:14

வாலை ஆட்டிக் கெஞ்சும். அந்த முகத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். தின்று முடித்த கையோடு கெஞ்சும்.

கொரட்டூர் அலை | வியாழன், இரவு 9:40

இப்போதே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறான் அண்ணாச்சி. கொடுக்கவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம். இரண்டு கிலோ மட்டியை ஃப்ரீசரில் வைத்தேன், ஐஸ்கிரீம் முழுக்க வாடை ஏறிவிட்டது, அம்மாவுக்குக் குண்டன் மேல் இருந்த பாசம் பாதி குறைந்துவிட்டது. எதில் போட்டு வைக்கிறீர்கள்?

கடலோரம் (கொழும்பு) | வியாழன், இரவு 9:58

ஓட்டைத் துடைத்து, ஒரு நாளைக்கு எவ்வளவோ அவ்வளவாகச் சின்னப் பைகளில் கட்டி, எல்லாவற்றையும் இறுக்க மூடுகிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். அந்த ஐஸ்கிரீமை நீங்களே சாப்பிட்டு முடியுங்கள், அம்மாவிடம் கொடுக்கவேண்டாம்.